மகளிர் ஸ்டேஷனில் பேசி அனுப்பிவிடுகிறார்கள், ஊராட்சியிலிருந்து நாங்கள் என்ன கேட்கலாம்?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

டெல்டா மாவட்டம் ஒன்றில் ஊராட்சி அளவிலான மகளிர் குழுக் கூட்டமைப்பில் இருக்கிறேன். கடன் தவணை தள்ளிப்போனால் காரணம் கேட்போம், அப்படிக் கேட்கும்போதுதான் பாதி வீட்டுக் கதை வெளியே வரும். இப்போது ஒரு உறுப்பினர் விஷயத்தில் எல்லோருக்கும் பொறுமை போய்விட்டது. ஆள் யாரென்று தெரியாத அளவுக்குச் சொல்கிறேன்.

புருஷன் அடிக்கிறார் என்று இரண்டு பஸ் மாறி மகளிர் காவல் நிலையத்துக்குப் போனார். போன ஒவ்வொரு முறையும் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, இனிமேல் அடிக்க மாட்டேன் என்று அவரிடம் எழுதி வாங்கி, "நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று இவரை அனுப்பிவிட்டார்கள். எழுதி வாங்கிய தாள் எங்கே போகிறது என்று தெரியாது. அடுத்த முறை போனால் வேறொரு மேடம் இருக்கிறார், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. கடைசியாக நடந்ததில் கழுத்தை நெரித்திருக்கிறார். அரசு ஆஸ்பத்திரியில் மாமியார் பக்கத்திலேயே நின்றதால், படியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அடுத்த கிராம சபையில் ஒரு தீர்மானம் வைத்து, அதை எஸ்.பி. ஆபீசுக்கும் கலெக்டருக்கும் மனுவாகக் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். ஆனால் என்ன கேட்பது? "கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று எழுதினால் ஒரு சீல் குத்தி வாங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான். விழிப்புணர்வு ஊர்வலம் நடத்தலாம் என்கிறார் ஒருவர். டாஸ்மாக்கை மூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் தலைவர். டாஸ்மாக்கை மூடுகிற அதிகாரம் எங்களிடம் இல்லை, குடிக்காமலே அடிக்கிறவர்களும் தெருவில் இருக்கிறார்கள். போலீஸ், ஆஸ்பத்திரி, கோர்ட் இந்த மூன்று இடத்திலும் நடைமுறையில் மாற்றக்கூடியது எது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கோர்ட்_வாசல் எழுதியது:

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வக்கீலாக இந்த வழக்குகளைத்தான் அதிகம் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு பாதைகள் இருக்கின்றன என்பதைக் குழுவில் எல்லோரும் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று கிரிமினல் வழக்கு. கணவரும் அவர் குடும்பத்தாரும் செய்யும் கொடுமைக்கான பழைய ஐ.பி.சி. 498ஏ, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 பிரிவுகள். மூன்று ஆண்டு வரை சிறை. இதற்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும், போலீஸ் வேண்டும். இன்னொன்று 2005-ல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம். இதற்கு போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்கவே வேண்டாம். இந்தச் சட்டத்துக்காக அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம், நேரே மாஜிஸ்திரேட்டிடமும் போகலாம். அம்மா வீட்டில் தற்காலிகமாக இருந்தால் அந்த ஊர் கோர்ட்டிலேயே மனுப்போடலாம். பெண் தானே வர முடியாவிட்டால் அவருக்காக வேறு யாரும் மனுத்தாக்கல் செய்யலாம் (12-வது பிரிவு), வன்முறை நடக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம், நல்லெண்ணத்தில் கொடுத்த தகவலுக்கு வழக்குப் போட்டு உங்களை இழுக்க முடியாது (4-வது பிரிவு). உங்கள் கூட்டமைப்புக்கு இந்த இரண்டு பிரிவும்தான் முக்கியம்.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் மனசு குளிர்ந்துவிடும். மனுப்போட்டால் முதல் விசாரணை பெரும்பாலும் 3 நாளுக்குள், முடிந்தவரை 60 நாளில் முடிக்க வேண்டும், சம்மன் 2 நாளில் சார்பு செய்ய வேண்டும், அவசரம் என்றால் எதிர்த்தரப்பு வராமலே இடைக்கால உத்தரவு போடலாம். கோர்ட்டில் நடப்பது வேறு. சம்மன் "வீடு பூட்டியிருந்தது" என்று திரும்பும், மறுபடி அனுப்பினால் "ஆள் வெளியூர்" என்று திரும்பும். பல இடங்களில் மாவட்டம் முழுவதற்கும் ஒரே பாதுகாப்பு அலுவலர், வண்டி கிடையாது, வேறு பத்து திட்ட வேலையும் அவர் தலையில். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மாவட்டம் தாலுகா இரண்டு மட்டத்திலும் பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்கச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டிருக்கிறது. "எங்கள் தாலுகாவுக்குப் பாதுகாப்பு அலுவலர் யார், அவர் பெயரும் செல் நம்பரும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதப்பட வேண்டும்" என்று தீர்மானத்தில் கேளுங்கள். முதல் கோரிக்கையே இதுவாக இருக்கட்டும்.

அப்புறம், பலரும் கவனிக்காத இடம் ஒன்று. பாதுகாப்பு உத்தரவு வாங்கிய பிறகு புருஷன் மறுபடி அடித்தால் அது தனிக் குற்றம், 31-வது பிரிவு. ஒரு வருடம் வரை சிறை, 20 ஆயிரம் வரை அபராதம், பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீனில் விட முடியாத வகை. அந்தப் பெண்ணின் சாட்சியம் மட்டுமே போதும் என்று சட்டமே சொல்கிறது. உத்தரவின் நகலை கோர்ட் இலவசமாக அந்த எல்லை ஸ்டேஷனுக்கும் அனுப்ப வேண்டும். ஆனால் நகல் ஸ்டேஷனில் எந்தக் காகிதக் கட்டுக்குள் கிடக்கிறது என்று ரைட்டருக்கே தெரியாது. ராத்திரி பத்து மணிக்குப் பெண் போன் செய்தால் "கோர்ட்டுல பாத்துக்கம்மா" என்பார்கள். அப்படி ஒரு பதில் வந்தால் அந்த உத்தரவு வெறும் காகிதம். உத்தரவுகளுக்கு ஸ்டேஷனில் தனிப் பதிவேடு, இரவுப் பணியில் இருப்பவர் கைக்கு எட்டும் இடத்தில் வேண்டும். இதை எஸ்.பி. ஒரு சர்க்குலர் போட்டு முடித்துவிடலாம், சட்டம் மாற வேண்டியதில்லை.

---

மாஜி_எஸ்ஐ எழுதியது:

மகளிர் ஸ்டேஷனில் பல வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள். வக்கீல் சார் சொல்வது சரி, ஆனால் ஸ்டேஷன் பக்கத்தையும் கேளுங்கள்.

1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் ஸ்டேஷன் திறந்தார்கள், இன்று மாநிலம் முழுக்க 200-க்கு மேல். நோக்கம் நல்ல நோக்கம். ஆண் போலீஸ் முன்னால் சொல்ல முடியாததைப் பெண் போலீஸிடம் சொல்லலாம் என்று. நடந்தது என்னவென்றால், பெண் சம்பந்தப்பட்ட எல்லாம் இங்கே வந்து விழுந்தது. போக்சோ வழக்கு ஒன்று வந்தால் ஒரு வாரம் அதற்கே போய்விடும். கோயில் திருவிழா, அமைச்சர் வருகை என்றால் பாதிப்பேர் பந்தோபஸ்துக்கு. மீதி இருக்கிற இரண்டு பேர் வரிசையில் நிற்கிற பத்து மனுவையும் பேசித்தான் அனுப்புவார்கள், வேறு வழி கிடையாது. பக்கத்தில் இருக்கிற சட்டம் ஒழுங்கு ஸ்டேஷனோ "இது மகளிர் ஸ்டேஷன் கேஸ்" என்று 25 கிலோமீட்டர் தள்ளிவிடும். அது தப்பு. அடிபட்ட பெண் எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் புகாரை வாங்கித்தான் ஆக வேண்டும், எல்லை வேறு என்றாலும் எஃப்.ஐ.ஆர். போட்டு மாற்றி அனுப்பலாம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவில் அதை எழுத்திலேயே வைத்துவிட்டார்கள்.

இன்னொன்று, வருகிற பெண்களில் நிறையப் பேர் கேஸ் போட வருவதில்லை. "கூப்பிட்டு ஒரு மிரட்டு மிரட்டி அனுப்புங்க மேடம், உள்ள வெச்சுடாதீங்க" என்பார்கள். அவர் ஜெயிலுக்குப் போனால் வாடகை யார் கொடுப்பது, பிள்ளையை யார் பள்ளிக்கூடத்தில் விடுவது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கேட்டது மிரட்டல் மட்டும் என்றாலும் நாங்கள் எழுதவேண்டியதை எழுதியிருக்க வேண்டும், அதுதான் விட்டுப்போகிறது. மனு கொடுத்தால் அதைப் பதிந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள். நம்பர் இருந்தால்தான் அடுத்த முறை வேறு எஸ்.ஐ. இருந்தாலும் "ஏற்கெனவே இந்தத் தேதியில் வந்திருக்கிறார்" என்பது தெரியும். இரண்டாவது முறை அதே ஆள் மேல் மனு வந்தால் பேச்சுவார்த்தை கிடையாது, இன்ஸ்பெக்டர் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று எஸ்.பி. உத்தரவு போட வைக்கலாம். நான் இருந்த காலத்தில் ஒரு டி.எஸ்.பி. அப்படி வாய்மொழியாகச் சொன்னார், அவர் மாறிப்போனதும் அதுவும் போய்விட்டது. எழுத்தில் கேளுங்கள்.

இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து விசாரிப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள். அவர் முறைக்கிற முறைப்பில் அந்தப் பெண் வாயைத் திறக்காது. பத்து நிமிஷம் தனியாகப் பேசினால் வேறு கதை வரும்.

---

நேர்மை_குமரன் எழுதியது:

எல்லாம் சரி, பொய் கேஸ் பற்றி யாரும் பேச மாட்டீர்களா? 498ஏ-வில் தண்டனை ஆவது 15 சதவீதம்தான் என்று உச்ச நீதிமன்றமே 2014-ல் சொன்னது. என் நண்பன் வீட்டில் அமெரிக்காவில் இருக்கிற தங்கச்சி பெயரையும் சேர்த்துக் கேஸ் போட்டார்கள். ஸ்டேஷனில் பேசித் தீர்ப்பது குடும்பத்துக்கு நல்லதுதானே.

---

கோர்ட்_வாசல் எழுதியது:

குமரன், அந்தத் தீர்ப்பு அர்னேஷ் குமார் வழக்கு. குற்றப்பத்திரிகை 93 சதவீதத்துக்கு மேல், தண்டனை 15 என்று அதில் இருக்கிறது, சரிதான். ஆனால் விடுதலை ஆன எல்லாம் பொய் கேஸ் என்று கணக்கு வைத்தால் இந்த நாட்டில் பாதித் திருட்டு நடக்கவே இல்லை என்றாகிவிடும். வழக்கு ஓடுகிற வருஷங்களில் நகையைத் திருப்பிக் கொடுத்து, ஜீவனாம்சம் பேசி, பெண் கூண்டில் ஏறி "எனக்கு ஞாபகமில்லை" என்று சொல்வதுதான் நான் தினமும் பார்க்கிற விடுதலை. அமெரிக்கத் தங்கச்சி பெயரைச் சேர்ப்பது நடக்கிறது, அதை எழுதிக்கொடுப்பது பெரும்பாலும் எங்கள் ஆட்கள்தான், அதற்கு வக்கீல்களைத் திட்டுங்கள்.

கைதைப் பற்றிய உங்கள் பயத்துக்கு ஏற்கெனவே மருந்து கொடுத்தாயிற்று. அர்னேஷ் குமாருக்குப் பிறகு ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றத்தில் காரணம் எழுதாமல் கைது செய்ய முடியாது, நோட்டீஸ் கொடுத்துத்தான் கூப்பிட வேண்டும். குடும்பத் தகராறில் எஃப்.ஐ.ஆருக்கு முன்பே முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று லலிதா குமாரி தீர்ப்பும் 2013-ல் இடம் கொடுத்தது. அந்த இடம்தான் இன்று ஸ்டேஷன் பஞ்சாயத்தாக ஊதிப்போயிருக்கிறது. விசாரணைக்குக் கெடு உண்டு, முடிவை எழுத வேண்டும். இங்கே கெடுவும் கிடையாது, எழுத்தும் கிடையாது.

பேசித் தீர்ப்பது பற்றி. குடும்ப வன்முறைச் சட்டத்தில் கவுன்சலிங்குக்கு இடம் உண்டு, அதை மாஜிஸ்திரேட் உத்தரவிட வேண்டும். அதற்கான விதி என்ன சொல்கிறது தெரியுமா? அடித்ததற்கு நியாயம் கற்பிக்க எதிர்த்தரப்பை அனுமதிக்கக் கூடாது. இனி நடக்காது என்ற உறுதியை வாங்குவதுதான் கவுன்சலிங்கின் வேலை. "சோறு ஆறிப்போச்சு, அதான் கை நீட்டினேன்" என்று அவர் சொல்வதையும் அதற்கு இந்தப் பெண் பதில் சொல்வதையும் கேட்டுக்கொண்டிருப்பதற்கு அந்த விதியில் இடமே இல்லை.

---

கேஷுவாலிட்டி_சிஸ்டர் எழுதியது:

ஆஸ்பத்திரி பக்கம் நான் சொல்கிறேன். அரசு ஆஸ்பத்திரி அவசர சிகிச்சையில் ராத்திரி டூட்டி பார்த்தவர்களுக்கு "வழுக்கி விழுந்தேன்" என்பது மனப்பாடம். வழுக்கி விழுந்தவர்களுக்குக் கையை ஊன்றிய இடத்தில் அடி இருக்கும். இவர்களுக்கு முழங்கையின் வெளிப்பக்கம், முதுகு, காதோரம்.

ஏ.ஆர். புக்கில், அதாவது அடிபட்டு வருகிறவர்களைப் பதியும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவதுதான் பிறகு கோர்ட்டில் பேசும். கூட வந்தவர் சொன்னதை எழுதிவிட்டால் அது கணவர் தரப்பு வாக்குமூலம் மாதிரி ஆகிவிடுகிறது. ட்ரெஸ்ஸிங் போட, யூரின் டெஸ்ட் என்று ஏதாவது ஒரு சாக்கில் அந்தப் பெண்ணைத் திரைக்குப் பின்னால் தனியாக அழைத்துக் கேட்க வேண்டும். இதற்குச் செலவு கிடையாது, பழக்கம்தான் வேண்டும். குடும்ப வன்முறைச் சட்ட விதிகளில் ஒரு விஷயம் இருக்கிறது, எங்கள் டாக்டர்கள் பலருக்கே தெரியாது: அதுவரை குடும்ப வன்முறை அறிக்கை எதுவும் பதிவாகாமல் இருந்தால் மருத்துவமனையே அந்தப் படிவத்தை நிரப்பிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். அறிக்கை இல்லை என்பதற்காகச் சிகிச்சை மறுக்கவும் கூடாது. உங்கள் மனுவின் ஒரு நகல் மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகளைக் கவனிக்கும் இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் போகட்டும், போலீசுக்கு மட்டும் கொடுத்தால் பாதிதான்.

கழுத்து நெரித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இதைச் சாதாரணமாக விடாதீர்கள். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே பாதிப்பு இருக்கலாம். குரல் கம்மியிருக்கிறதா, விழுங்கக் கஷ்டமா, கண்ணில் சிவப்புப் புள்ளிகள் இருக்கிறதா, அந்த நேரத்தில் நினைவு தப்பியதா, சிறுநீர் போனதா என்று கேளுங்கள். இதில் ஒன்று இருந்தாலும் மறுபடி ஆஸ்பத்திரிக்கு, இந்த முறை மாமியார் இல்லாமல். வழுக்கி விழுந்தேன் என்று முன்பு சொன்னது பரவாயில்லை, ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

---

மினசோட்டா_பனி எழுதியது:

சிஸ்டர் சொன்ன கழுத்து விஷயத்தை அப்படியே வழிமொழிகிறேன். நான் இங்கே அமெரிக்காவில் தெற்காசியப் பெண்களுக்கான உதவி லைனில் தன்னார்வலராக இருக்கிறேன், எங்கள் பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுப்பது அது. துணைவர் ஒருமுறை கழுத்தை நெரித்திருந்தால் பிறகு அந்தப் பெண் கொலையாகும் அபாயம் ஏறத்தாழ ஏழு மடங்கு என்று 2008-ல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. அவர் பிரிந்து போக முடிவெடுக்கும் சமயம்தான் மிக ஆபத்தான சமயம். ஆகவே அவசரப்பட்டு "நீ வெளியே வந்துடு" என்று குழுவே தள்ள வேண்டாம். எங்கே போவது, சாவி, ஆதார், பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் யாரிடம் இருக்கும் என்பது முடிவான பிறகு.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் இருக்கும் மினசோட்டா மாநிலத்தில்தான் டுலூத் என்ற ஊர் இருக்கிறது, ஏரிக்கரைத் துறைமுக ஊர். 1981-ல் எலன் பென்ஸ் முதலானவர்கள் அங்கே போலீஸ், ஜெயில், அரசு வக்கீல், கோர்ட், பெண்கள் தங்குமிடம் எல்லோரையும் ஒரே நடைமுறைக்குள் கொண்டுவந்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது, அவர்கள் ஆட்களின் மனசை மாற்றப் போகவில்லை, படிவங்களைப் பார்க்கப் போனார்கள். அழைப்பை எடுப்பவர் என்ன எழுதுகிறார், போன போலீஸ்காரர் என்ன எழுதுகிறார், அது அரசு வக்கீல் மேசைக்கு வரும்போது எது விட்டுப்போயிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 2010-ல் செயின்ட் பால் நகரம் இதையே இன்னும் விரிவாக எடுத்துச் செய்தது. போகிற போலீஸ்காரர் மூன்று விஷயத்தைக் கேட்டு எழுதியே ஆக வேண்டும். உன்னையோ பிள்ளையையோ கொன்றுவிடுவான், பெரிதாகக் காயப்படுத்துவான் என்று பயப்படுகிறாயா, ஏன்? மிரட்டுவது, அடிப்பது எத்தனை நாளுக்கு ஒருமுறை? நீ மிக அதிகமாகப் பயந்த அல்லது அடிபட்ட சம்பவம் எது? இந்த மூன்று கேள்வியைத் தமிழில் அச்சடித்து மனு வாங்கும் மேசையில் வைத்தால் போதும், "குடிச்சுட்டு வந்து சண்டை" என்று ஒரே வரியில் முடிகிற மனு வேறு மாதிரி ஆகும்.

ஒரு எச்சரிக்கையும். பக்கத்து மினியாபொலிஸில் எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சோதனை செய்தார்கள், கைது செய்தால் மறுபடி அடிப்பது குறைகிறது என்று வந்தது. நாடு முழுக்கக் கட்டாயக் கைதுச் சட்டங்கள் வந்தன. பிற நகரங்களில் திரும்பச் செய்து பார்த்தபோது முடிவு ஒரே மாதிரி வரவில்லை, வேலை இல்லாத ஆண்களிடம் சில இடங்களில் அடி கூடியது. தடுக்கக் கை ஓங்கிய பெண்களும் சேர்ந்து கைதானார்கள். ஆகவே "எல்லோரையும் உள்ளே தள்ளு" என்று தீர்மானம் போடாதீர்கள். யார் ஆபத்தானவர் என்று பிரிக்கிற வேலையைக் கேளுங்கள்.

---

வடமராட்சி எழுதியது:

யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்களிடமும் 2005-லேயே குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது, 34-ம் இலக்கம். நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பித்தால் இடைக்காலக் கட்டளை 14 நாளுக்கு, பிறகு பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை. ஒரு நல்ல விசயம், பாதிக்கப்பட்டவர் சார்பில் பொலிசாரே விண்ணப்பம் செய்யலாம். சட்டத்தரணிக்குக் காசில்லாத பெண்ணுக்கு அது பெரிய உதவி. ஆனால் செய்கிற பொலிஸ் நிலையங்கள் குறைவு, இங்கேயும் "பிள்ளைகளின்ட எதிர்காலத்தை யோசியுங்கோ" என்றுதான் தொடங்குவார்கள், இல்லாவிட்டால் மத்தியஸ்த சபைக்கு அனுப்பிவிடுவார்கள். காணிச் சண்டைக்கு மத்தியஸ்தம் நல்லது. அடிக்கிறவனுக்கும் அடிவாங்குகிறவளுக்கும் நடுவில் சமமாகப் பேச என்ன இருக்கு?

உங்களுக்கு இல்லாத ஒரு பிரச்சினை எங்களுக்கு உண்டு. யுத்தம் முடிந்த பிறகும் பல நிலையங்களில் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதுவார்கள், வாசிக்கத் தெரியாத மொழியில் பெண் கையொப்பம் வைப்பாள். சொன்னது ஒன்று, எழுதியது ஒன்று என்று வழக்கில்தான் தெரியவரும். தமிழில் பதிய வேண்டும் என்று பெண்கள் அமைப்புகள் விடாமல் கேட்டன, தமிழ் பேசும் பெண் பொலிசாரைக் கேட்டன. உங்களுக்கு எல்லாம் தமிழில்தான், ஆனாலும் ரைட்டர் எழுதியதை அந்தப் பெண்ணுக்கு வாசித்துக் காட்டுகிறார்களா? இதையும் சேர்த்துக் கேளுங்கோ. முறைப்பாட்டு இலக்கத்தை எழுதிவைத்துக்கொள்ளாத பெண்ணுக்கு இங்கே ஒன்றும் நடக்காது, அங்கேயும் அப்படித்தான் போல.

---

வெண்ணாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சிஸ்டர் சொன்னதைப் படித்ததும் அவரை மறுபடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம், குரல் இன்னும் சரியாகவில்லை. தனியாகப் பேசினார்கள், ஏ.ஆர். காப்பி கேட்டிருக்கிறோம். இப்போதைக்கு அம்மா வீட்டில் இருக்கிறார். பெண்கள் உதவி எண் 181-க்கும் பேசிவிட்டோம், ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள்.

தீர்மானத்தை இப்படி எழுத நினைக்கிறோம். தாலுகா பாதுகாப்பு அலுவலர் பெயரும் எண்ணும் ஊராட்சிச் சுவரில். எந்த ஸ்டேஷனில் கொடுத்தாலும் மனுவை வாங்கி சி.எஸ்.ஆர். கொடுப்பது, எழுதியதை வாசித்துக் காட்டுவது, பெண்ணைத் தனியாக விசாரிப்பது, அந்த மூன்று கேள்வி. அதே ஆள் மேல் இரண்டாவது மனு வந்தாலோ கழுத்து, தீ, அரிவாள் என்று ஏதாவது இருந்தாலோ சமரசம் பேசாமல் இன்ஸ்பெக்டருக்குப் போவது. கோர்ட் உத்தரவுகளுக்கு இரவிலும் எடுக்கக்கூடிய பதிவேடு. ஆஸ்பத்திரியில் தனி விசாரிப்பும் அறிக்கைப் படிவமும்.

இரண்டு சந்தேகம். கிராம சபையில் பாதிப்பேர் ஆண்கள், அவருடைய புருஷனும் வந்து உட்காருவார், எப்படிப் பேசுவது? இன்னொன்று, "எங்கள் ஸ்டேஷனில் அப்படி எதுவும் நடப்பதில்லை" என்று போலீஸ் சொன்னால் என்ன காட்டுவது? எங்களிடம் இருப்பது பத்துப் பெண்கள் வாய்வார்த்தையாகச் சொன்னது மட்டும்தான்.

---

மாஜி_எஸ்ஐ எழுதியது:

சபையில் ஒரு பெயரும் வேண்டாம், ஒரு தெருவும் வேண்டாம். "தெற்குத் தெருவில் ஒரு குடும்பம்" என்று ஆரம்பித்தாலே ஊருக்குத் தெரிந்துவிடும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பை வைத்துப் பேசுங்கள், 2019-21 கணக்கில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள், இந்திய அளவில் அது 29 சுற்றி. உதவி கேட்டவர்கள் நாட்டளவில் 14 சதவீதம்தான். ஆண்களும் கேட்கட்டும், தலைவர் வாயால் படிக்கவையுங்கள். தலைவர் டாஸ்மாக் என்று பேச்சை மாற்றினால் அதற்குத் தனித் தீர்மானம் போடலாம் என்று சொல்லிவிட்டு இதற்குத் திரும்புங்கள். எஸ்.பி. ஆபீசுக்கு மனு நாளில் பத்துப் பேராகப் போங்கள், ஆனால் அந்தப் பெண்ணை அழைத்துப் போக வேண்டாம்.

---

கோர்ட்_வாசல் எழுதியது:

இரண்டாவது சந்தேகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. எஸ்.பி. அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் எல்லை மகளிர் ஸ்டேஷனில் கணவர் மீதும் அவர் குடும்பத்தார் மீதும் வந்த மனுக்கள் எத்தனை, சி.எஸ்.ஆர். கொடுத்தது எத்தனை, எஃப்.ஐ.ஆர். ஆனது எத்தனை, சமரசம் என்று முடித்தது எத்தனை, குடும்ப வன்முறைச் சட்டம் 31-வது பிரிவில் பதிவான வழக்கு எத்தனை, கோர்ட்டிலிருந்து வந்த பாதுகாப்பு உத்தரவுகள் எந்தப் பதிவேட்டில் பதியப்படுகின்றன. எண்ணிக்கை மட்டும் கேளுங்கள், பெயர், விலாசம் கேட்டால் மறுத்துவிடுவார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. இதே மாதிரி ஒரு மனு மாவட்ட சமூக நல அலுவலகத்துக்கும் போடுங்கள், எத்தனை குடும்ப வன்முறை அறிக்கை பதிவு செய்து கோர்ட்டுக்கு அனுப்பினார்கள் என்று.

அந்தப் பெண்ணின் மனுவுக்கு இதற்காகக் காத்திருக்க வேண்டாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும், ஏ.ஆர். காப்பியோடு இந்த வாரமே போகட்டும். இடைக்கால உத்தரவு கேட்கும் மனுவில் கழுத்து நெரித்த நாளை முதல் பத்தியிலேயே எழுதச் சொல்லுங்கள், எங்கள் ஆட்கள் கல்யாணத் தேதியில் ஆரம்பித்துச் சீர்வரிசைப் பட்டியல் முடிந்த பிறகுதான் அதற்கு வருவார்கள். ஆர்.டி.ஐ. பதிலில் 31-வது பிரிவுக்கு நேரே "இல்லை" என்று வந்தால், அந்தப் பக்கத்தை நகலெடுத்து தீர்மானத்தோடு இணைத்துக் கொடுங்கள்.